சின்னனோ, பெரிசோ?

"தங்கச்சி, உங்கட அவர் ஓடுற போட் சின்னனோ, பெரிசோ?"

போன வருடம் ஈஸ்டர் முடிந்த சமயத்தில், இலங்கையின் மன்னார்க் கரையில் ஒரு கோயிலின் சமையற்கட்டில், தேங்காய் துருவிக்கொண்டே ஒரு பெண் என்னிடம் இப்படிக் கேட்டார். 'சின்னன்' என்றால் சிறியது. ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். என் ஆறு வயது மகளைக் கேட்டால் விளையாட்டை விட்டு நிமிராமலே சொல்வாள். என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

நான் பாம்பன் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். பி.எட். முடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். என் கணவர் விசைப்படகு ஓட்டுகிறார். அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து வைத்திருக்கும் படகு அது. மாமனார் காலத்தில் நாட்டுப்படகுதான் இருந்தது. அதிலிருந்து இதற்கு ஏறி வந்ததுதான் எங்கள் வீட்டின் பெருமை. பெண் கேட்டு வந்தபோதும் "பையனுக்குப் பெரிய போட்டு" என்றுதான் என் அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா அதைப் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி ஒருமுறை திருப்பிச் சொன்னார்.

மன்னாரில் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் நடத்தும் சிஸ்டர்கள், பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்று எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டிருந்தார்கள். அவர் என்னைச் சொல்லிவிட்டார். தொண்டு ஊழியம்தான். போய் வரும் செலவைப் பங்குக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தடைக்காலம் தொடங்கியிருந்தது. மீன்கள் முட்டையிடும் அந்த இரண்டு மாதமும் எங்கள் பக்கத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. கணவர் கரையில் படகைச் சுரண்டிச் சாயம் அடித்துக்கொண்டு இருப்பார், வீட்டையும் பார்த்துக்கொள்வார். அதனால்தான் என்னால் கிளம்ப முடிந்தது. மகளை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கூட்டிக்கொண்டு போகவும் பயமாக இருந்தது.

"பச்சப்புள்ளையத் தூக்கிட்டு அங்கனயா போற?" என்றார் மாமியார்.

"ஏன், நான் போனாத்தான் நேவி புடிக்கும். அவளை யாரு புடிக்கப் போறா?" என்று கணவர் சிரித்தார். வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் கொழுந்தனார் எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு, அங்கே சிறையில் இருந்துவிட்டுப் பொங்கலுக்குப் பிறகுதான் வீடு வந்து சேர்ந்திருந்தார்.

கிளம்புவதற்கு முன் அங்குள்ள சிஸ்டரோடு போனில் பேசினேன். மனதில் உறுத்தியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். என் கணவர் விசைப்படகுக்காரர், உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் வருவது சங்கடமாக இருந்தால் வரவில்லை என்றேன்.

"நீங்கள் பாட்டுச் சொல்லிக் குடுக்கத்தானே வாறீங்கள்? போட்டோட வரேல்லையே. வாங்கோ" என்றார் சிஸ்டர். பிறகு, "நீங்களாப் போய்ச் சொல்லத் தேவையில்லை. ஆரும் கேட்டால் ஒளிக்கவும் வேண்டாம்" என்றார்.

அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் அந்த முகாம் நாட்கள் முழுவதும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

தனுஷ்கோடியில் நின்றால் செல்போனில் 'இலங்கைக்கு நல்வரவு' என்று செய்தி வந்துவிடும். ஆனால் அங்கே போவதற்கு நாங்கள் மதுரை போய், விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வடக்கே ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் வர வேண்டியிருந்தது. மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மன்னாரில் பாலத்தைக் கடந்து பஸ் திரும்பியதும் எழுந்து உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, "அம்மா, நம்ம ஊருக்கே திரும்பி வந்துட்டோமா?" என்றாள். அதே பனை, அதே வெள்ளை மணல், உடைமர முள்ளில் சிக்கி ஆடும் அதே பாலிதீன் பை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முகாம் நடந்தது கோயிலை ஒட்டி ஓலை வேய்ந்த ஒரு பெரிய கொட்டகையில். சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். நான் எங்கள் ஊரில் விடுமுறை வகுப்பு நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் வரவேண்டும் என்பதற்காகத் தினமும் பரிசு கொடுப்பேன். மிட்டாய் தீர்ந்த நாளில் கூட்டமும் தீர்ந்துவிடும். இங்கே பரிசு என்ற பேச்சே இல்லை. இருந்தது ஒரே ஒரு சட்டம். எதிலும் 'சின்னனுகள் முன்னுக்கு'. சாப்பாட்டுக்கும் குளிப்புக்கும் சின்னப் பிள்ளைகள் முதலில் போவார்கள். மழையில் கூரை ஒழுகினால் ஒழுகாத இடத்தில் படுப்பதும் அவர்கள்தான். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் காத்திருந்தார்கள். ஒரு மதியம் குழம்பில் மீன் துண்டு தீர்ந்துபோய், பெரிய பிள்ளைகள் வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள். நான் பதறிப்போய் முட்டை பொரிக்கட்டுமா என்று கேட்டேன். "ஏன் அக்கா, எங்களுக்கும் சின்னன் வயசு இருந்தது தானே? அப்ப நாங்கள் மீன் திண்டிட்டம்" என்றாள் ஒருத்தி. அதில் தியாகத் தொனி துளியும் இல்லை, முறை வந்தது போனது என்கிற கணக்கு மட்டும்தான். என் மகளுக்கு இப்படி ஒரு பேச்சு எந்த வயதில் வரும் என்று யோசித்தேன். வராமல் போனால் அது என் வளர்ப்புதான் காரணமா என்றும் யோசித்தேன்.

முகாமின் சமையல்கார அக்கா என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். முதல்நாளே என் பையைத் திறந்து பார்த்துவிட்டார். காய்ச்சல் மருந்து, வயிற்றுப்போக்கு மருந்து, வெப்பமானி, கொசுவத்தி, கொதிக்கவைத்த தண்ணீருக்குத் தனிப் பாட்டில், அது உடைந்தால் இன்னொரு பாட்டில்.

"கடவுளே, ஆஸ்பத்திரியைக் காவிக்கொண்டு வந்திருக்கிறா! டொக்டரை எங்க தங்கச்சி, அடுத்த பஸ்ஸில வாறாரோ?" என்றார். சமையற்கட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே நான் அந்தப் பெரிய அசட்டுத்தனத்தைச் செய்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் தன் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் சின்னப் படகில் மீன்பிடிக்கிறவர். போன மழைக்காலத்தில் விரித்திருந்த வலை அத்தனையும் போய்விட்டது. அதன்பிறகு கடலுக்குப் போக வழியில்லாமல் கட்டட வேலைக்குக் கல் சுமக்கப் போகிறார். "ஒரு ராத்திரியில ரோலர் வந்து எல்லாத்தையும் அறுத்துக்கொண்டு போட்டுது" என்றார்.

எங்கள் ஊரில் ரோலர் என்றால் ரோடு போடும் வண்டிதான். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. ஆறுதலாக, "ரோடு போடப்போறாங்கன்னு முன்னாடியே சொல்லியிருப்பாங்களே அக்கா, வலையை எடுத்து வெச்சிருக்கலாமே?" என்றேன்.

வெங்காயக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். "கடலுக்க றோட்டோ தங்கச்சி! ஐயோ, கடலுக்க றோட்டுப் போடுறாங்களாம்!" பக்கத்தில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெங்காயத்தாலா சிரிப்பாலா தெரியவில்லை. "பாவம், இவ கடல்கரைப் பிள்ளையில்லை. ரீச்சர்" என்று ஒருவர் எனக்காகப் பரிந்து பேசினார்.

அங்கே ரோலர் என்றால் இந்தியக் கரையிலிருந்து வரும் இழுவை விசைப்படகு என்பதை, அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு அவர் விளக்கியபோதுதான் தெரிந்துகொண்டேன். அதாவது என் கணவர் ஓட்டும் படகு. ஒரே ஒரு படகைத்தான் அவர்கள் அந்தப் பெயரால் சொல்கிறார்கள் என்றில்லை. எங்கள் துறையில் நிற்கும் எல்லாமே அவர்களுக்கு ரோலர்தான். நான் கடற்கரைப் பெண்ணில்லை என்று அவர்கள் முடிவுகட்டியது என் பொய்யால் அல்ல, என் அறியாமையால். அதைத் திருத்த வேண்டிய நேரம் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது. கையில் இருந்த வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் பிள்ளைகளுக்குச் செபமணி அடித்துவிட்டது.

மாலைச் செபத்தில் ஒவ்வொரு பிள்ளையும் அன்றைக்கு ஏதாவது ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டும், மற்றவர்கள் 'நன்றி ஆண்டவரே' என்று முடிக்க வேண்டும். ஒருத்தி பாட்டிக்குச் சுகமானதற்காக நன்றி சொன்னாள். ஒருவன் கிளித்தட்டு விளையாட்டில் வென்றதற்காக நன்றி சொன்னான். அப்புறம் ஒரு குரல், "ரோலர் வராத இந்த மாசத்துக்காக" என்றது.

நன்றி ஆண்டவரே என்று எல்லோரும் சொன்னார்கள். என் வாயும் சொல்லிவிட்டது.

அவர்கள் நன்றி சொன்னது எங்கள் தடைக்காலத்துக்கு. அது எங்கள் வீட்டில் பயந்து உச்சரிக்கப்படும் சொல். மாமியார் ஒரு மாதம் முன்பிருந்தே அரிசியை அளந்து எடுப்பார், கணவர் வள்ளென்று விழுவார். எங்களுக்கு அடுப்பு அணையும் மாதத்தில் இவர்களுக்கு அடுப்பு எரிகிறது. இருபது வருடம் மறைக்கல்வி படித்தும் கொடுத்தும், யாருடைய நன்றிக்குப் பின்னால் யாருடைய பட்டினி இருக்கிறது என்று நான் யோசித்ததில்லை.

அந்த நன்றியைச் சொன்ன குரல் சமையல்கார அக்காவின் மகளுடையது. ஒன்பது வயது. முன்பல் ஒன்று பாதி முளைத்திருந்தது. முதல் நாளிலிருந்தே என் மகளைத் தன் 'சின்னன்' ஆக்கிக்கொண்டாள். தலை வாருவாள், தட்டைக் கழுவுவாள், கழிப்பறைக்குத் துணை போவாள். என் மகள் பேசுவது அவளுக்குச் சிரிப்பு, அவள் பேசுவது என் மகளுக்குச் சிரிப்பு. "வாரேன்னு சொல்றாளாம்! வாறன் எண்டு சொல்லு!" "வாறன்! வாறன்!" என்று இரண்டும் கொட்டகையைச் சுற்றி ஓடும்.

மூன்றாம் நாளிலிருந்து என் மகளிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். வீட்டில் அவளுக்கு வாயெல்லாம் அப்பாதான். அப்பா போட், அப்பா சுக்கான், அப்பா பிடித்த சுறா என்று அடுக்குவாள். இங்கே அப்பா என்ற சொல்லே எடுக்கவில்லை. வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வந்தபோது போனை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய் மெதுவாகப் பேசினாள். ஏக்கமோ காய்ச்சலோ என்று பயந்து வெப்பமானியை வைத்தேன். ஒன்றுமில்லை. வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அழைத்து வந்தது தப்போ என்று கணவரிடம் போனில் கேட்டேன். "நீ முதல்ல தூங்கு. அவ நல்லாத்தான் இருக்கா" என்றார்.

எனக்குக் கொடுத்த வேதக் கதை, சீடர்கள் இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காமல், விடியலில் கரையில் நின்ற இயேசுவின் சொல் கேட்டு மறுபக்கம் வீச, வலை நிறைந்து வந்த கதை. பிள்ளைகளை நடிக்கவைத்தேன். ஒரு துண்டு வலை வேண்டும் என்றதும் அக்காவின் மகள் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெரிய முடிச்சாகக் கொண்டுவந்தாள். பிரித்தால் நடுவில் ஆள் நுழையும் அளவுக்குக் கிழிசல். ரோலர் அறுத்த அவள் அப்பாவின் வலையில் மிச்சமிருந்தது அதுதான் என்று பிறகு தெரிந்தது. அவ்வளவு மீன் விழுந்தும் அவர்களுடைய வலை கிழியவில்லை என்று நான் கதையை முடித்தேன்.

"கிழியேல்லையோ?" என்றான் சீடனாக நடித்தவன். "அப்ப அங்க ரோலர் வரேல்லைப் போல."

"அங்க ஓடினது பேதுருவின்ர போட்டடா. சின்னன்!" என்று இன்னொருவன் சொன்னான்.

கொட்டகையே சிரித்தது. அழ வேண்டிய விஷயத்தை வைத்து அவ்வளவு இயல்பாகச் சிரிக்கும் பிள்ளைகளை நான் பார்த்ததில்லை. என் மகள் மட்டும் சிரிக்காமல் அக்காவின் மகளைப் பார்த்தாள். அக்காவின் மகளோ தன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். விளையாட்டு என்று நினைத்தேன்.

இந்தப் பிள்ளைகள் யாரிடமிருந்து இதைக் கற்றார்கள் என்று அடுத்த நாள் சமையற்கட்டில் புரிந்தது. காலைப் பிட்டுக்கு மாவு குழைத்துக்கொண்டிருந்தார் அக்கா. முந்தின கிறிஸ்மஸுக்கு, சிறையில் இருந்த இந்திய மீனவர்களுக்குக் கோயிலிலிருந்து சாப்பாடு கொண்டுபோனார்களாம். சிஸ்டர் இவரைத்தான் பிட்டு அவிக்கச் சொன்னாராம்.

"வலை போய் ஒரு மாசம்கூட ஆகேல்லை. எனக்கு வந்த கோவம்! ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். பிறகு பாத்தன், சிறைக்க கிடக்கிற பொடியனுக்கும் தாய் ஒருத்தி இருப்பா தானே. அவ அங்க பெருநாளுக்கு என்னத்தைச் சமைச்சிருப்பா? சரியெண்டு அவிச்சன். ஆனா சும்மா அவிக்கேல்லை தங்கச்சி. ஒரு பிடி மாவுக்கு ஒரு திட்டு. பாதி பிட்டு, பாதி திட்டு!"

"நல்லாத் திண்டாங்களோ?" என்று கேட்டார் இன்னொரு பெண்.

"திண்டாங்களாம். திட்டுத்தான் உப்புப் போல, சரியான ருசியாம்."

என் கொழுந்தனார் சிறையில் இருந்த கிறிஸ்மஸ் அது. அவர் எந்தச் சிறையில் இருந்தார், இது எந்தச் சிறை என்று நான் கேட்கவில்லை. உண்மையாகவே கோபம் வந்த ஒருத்தி, அந்தக் கோபத்தை விட்டுக்கொடுக்காமலே கையால் நல்லது செய்வதை அன்றுதான் கண்டேன். நான் கோபம் வந்தால் ஒளித்துக்கொள்வேன். நல்லது செய்தால் மனதில் கோபமில்லை என்று காட்டிக்கொள்வேன். இவருக்கு இரண்டும் ஒரே பானையில் வெந்தன.

அப்போதுதான் அவர் கேட்டார். "உங்கட அவர் என்ன செய்யிறார் தங்கச்சி?"

ஒளிக்கவும் வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். "கடலுக்குத்தான் போறாங்க அக்கா" என்றேன்.

"ஆ? கடலுக்கோ? ரோலர் எண்டா றோட்டு மெசின் எண்டு சொன்ன ஆளுக்குக் கடல்கார மாப்பிளையோ!" சிரித்துக்கொண்டே தேங்காய்ப் பாதியைத் துருவியில் வைத்துத் திருப்பினார். "அப்ப, உங்கட அவர் ஓடுற போட் சின்னனோ, பெரிசோ?"

கேட்டவர் குரலில் குத்தல் இல்லை. ஆனால் துருவியில் இருந்த கை நின்றுவிட்டது. பக்கத்துப் பெண் என்னைப் பார்த்தார். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது நிச்சயம். எந்தச் சொல் வந்திருக்கும் என்பதுதான் நிச்சயமில்லை.

"அம்மா! காகம்! கருவாட்டில காகம்!" என்று வெளியிலிருந்து அவர் மகள் கத்தினாள்.

அக்கா தேங்காயை அப்படியே போட்டுவிட்டு, "அடி சனியனே, போ!" என்று ஓடினார். திரும்பி வந்தபோது பிள்ளைகளின் சாப்பாட்டு வரிசை தொடங்கிவிட்டது. அவர் மறுபடி கேட்கவில்லை. மறந்துவிட்டாரா, விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகும் சந்தர்ப்பங்கள் இருந்தன. கிணற்றடியில் அவரும் நானும் தனியாகப் பாத்திரம் துலக்கினோம். ஆனால் அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். அவருடைய கணவர் தன் தம்பியிடம் இரவல் வாங்கிய வலையோடு பல மாதங்களுக்குப் பிறகு கடலுக்குப் போயிருந்தார். மறுநாள் முகாமுக்கு அவர் பிடித்த மீன் வந்தது. தாளம்பாறை. "உங்கட பிள்ளைக்கு முள்ளில்லாத துண்டு" என்று தனியாக எடுத்துவைத்து, உட்கார்ந்து பிய்த்து ஊட்டினார். என் மகள் தட்டை நக்கினாள். சொல்லி அந்தக் கையை நிறுத்தவா என்று தோன்றியது. சொல்லாமல் அந்தக் கையால் ஊட்டவைப்பது சரியா என்றும் தோன்றியது.

அந்த முகாமில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாளே ஆளுக்கொரு பெயர்ச் சீட்டை எடுத்து, அந்த ஆளுக்குத் தெரியாமல் காவல் தூதராக இருந்து நன்மை செய்ய வேண்டும். தொண்டர்களின் பெயரும் சீட்டில் உண்டு. என் காவல் தூதர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மழைக்கு முன் என் துணி கொடியிலிருந்து எடுத்து மடிக்கப்பட்டிருக்கும். என் மகளின் அறுந்த செருப்பு வார் ஒரு காலையில் வலை நூலால் தைத்துக் கிடந்தது. கடைசி நாள், ஒவ்வொரு தூதரும் தன் ஆளிடம் வந்து, செய்ததில் மிகக் கடினமான நன்மை எது என்று காதில் மட்டும் சொல்ல வேண்டும்.

அக்காவின் மகள் என்னிடம் வந்தாள். நான் குனிந்தேன். காதருகே அவள் மூச்சு முதலில் சிரித்தது.

"அண்டைக்குக் காகம் வரேல்லை ரீச்சர்."

எனக்குப் புரியவில்லை.

"நான் சும்மாதான் கத்தினனான். அண்டைக்குக் கருவாடே காயப்போடேல்லை. உங்கட அவற்ற போட் பெரிசு எண்டு உங்கட மகள் எனக்கு ரெண்டாம் நாளே சொல்லிட்டா. ஒருத்தரிட்டயும் சொல்லாத எண்டு நான்தான் சொன்னனான். அம்மாட்ட நானும் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் வலையை அறுத்தது இந்தப் படகா, வேறு படகா என்று அவள் கேட்கவில்லை. பாதி முளைத்த பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாம்பழச் சாறு வாங்க ஓடினாள். அங்கேயும் என் மகளைத்தான் வரிசையில் முன்னால் நிறுத்தினாள்.

ஐந்து நாள் என் மகள் அப்பா என்ற சொல்லை விழுங்கிக்கொண்டிருந்தது காய்ச்சலால் அல்ல. வெப்பமானி வைத்துப் பார்த்த நான், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

அக்காவோ வழியனுப்பும்போது ஒரு பை நிறைய ஒடியல், அதாவது காயவைத்த பனங்கிழங்கு, கொடுத்தார். "கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்கு வாங்கோ. நாங்கள் கட்டாயம் வருவம். இதுகள் ரெண்டும் அங்க சந்திக்கட்டும். நான் பிட்டுக் கொண்டு வாறன். இந்தமுறை திட்டில்லாமல்!" என்றார்.

ஊர் வந்ததும் கொழுந்தனாரிடம் மெதுவாகக் கேட்டேன். கிறிஸ்மஸுக்கு உள்ளே என்ன சாப்பாடு வந்தது? "பிட்டு வந்துச்சு மதினி. யாரோ கோயில்காரவுக குடுத்தாக. பசியில நல்லாத்தான் இருந்துச்சு. ஏன் கேக்குறீக?" என்றார். சும்மாதான் என்றேன்.

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கின. அக்காவிடமிருந்து வாட்ஸப்பில் குரல் செய்திகள் வரும். பெரும்பாலும் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆடி மாதத்தில் ஒன்று மட்டும் வேறு மாதிரி வந்தது. "திரும்பவும் வரத் தொடங்கிட்டாங்கள் தங்கச்சி. இவர் தம்பியின்ர வலையை இனிக் கொண்டு போகமாட்டன் எண்டு சொல்லிட்டார். திருப்பிக் கல்லுச் சுமக்கப் போறார்." கணவர் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோற்றில் கையை அப்படியே வைத்திருந்தார்.

"நம்ம பக்கம் என்ன கெடக்கு? வெறும் பாசிதான். அங்கன போனாத்தான் மீனு. நானா கடல்ல கோடு போட்டேன்?" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.

அவர் பொல்லாதவர் இல்லை. இதைப் படிக்கிறவர்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது. அவர் போகும் ஒவ்வொரு நாளும் நான் வாசலில் பயத்தோடுதான் இருக்கிறேன்.

"அப்பா, நீங்க ரோலரா?" என்றாள் மகள்.

அவர் அவளைப் பார்த்தார். "நான் உங்கப்பா" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

இரண்டு கரைக்காரர்களும் கூடும் அந்தக் கச்சத்தீவுத் திருவிழாவுக்கு இப்போது சில வாரங்கள்தான் இருக்கின்றன. இங்கிருந்து கச்சத்தீவுக்குப் பக்தர்கள் போவது விசைப்படகுகளில்தான். இந்த முறை பெயர் கொடுத்திருக்கும் படகுகளில் எங்கள் படகும் ஒன்று. கணவர்தான் ஓட்டுவார். மகள் பாவாடை எடுத்துவைத்துவிட்டாள். நேற்று அக்காவின் குரல் வந்தது. "வாறீங்கள் தானே? நாங்கள் கரையில நிப்பம். எந்த போட்டில வாறீங்கள் எண்டு சொல்லுங்கோ, பிள்ளை பாத்துக்கொண்டு நிப்பாள்." பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரலும் கேட்டது. "அம்மா, எந்த போட் எண்டு ஏன் கேக்கிறீங்கள்? நான் கண்டுபிடிப்பன்."

இன்னும் அவள் எனக்குக் காகம் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். முகாம் முடிந்து எத்தனையோ மாதமாகிறது, அவளுடைய காவல் வேலை முடியவில்லை. தன் தாயிடம் ஒன்றை மறைத்துவைத்துக்கொண்டு, தன் அப்பா கல் சுமக்கப் போவதைப் பார்த்துக்கொண்டு, என் மகளுக்காக அவள் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சுமையை அவளிடமிருந்து நான் வாங்க வேண்டும். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

எப்படி வாங்குவது என்பதில்தான் தினமும் மாறி மாறி யோசிக்கிறேன். குரல் செய்தியில் சொன்னால், அக்கா திருவிழாவுக்கு வராமல் இருந்துவிடலாம். பிள்ளைகள் இரண்டும் ஏமாந்துபோகும். தன் மகளுக்கும் தெரிந்திருந்தது என்று அறிந்தால் அவளைக் கோபிப்பாரோ என்றும் பயமாக இருக்கிறது. சொல்லாமல் போனால், எங்கள் படகிலிருந்து இறங்கும் என்னை அவர் கரையில் நின்று பார்க்க வேண்டியிருக்கும், கையில் பிட்டோடு. வேறொரு படகில் போகலாம் என்றால், அப்பாவின் படகை விட்டு ஏன் என்று மகள் கேட்பாள். அப்போது அவளும் ஒரு காகத்தை ஓட்டக் கற்றுக்கொள்வாள். "நானே இறங்கி வந்து அந்த அக்காகிட்டப் பேசவா?" என்று கணவர் நேற்றிரவு கேட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. அது நல்லதா, நிலைமையை மோசமாக்குமா என்றும் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் தாய்மார்கள் இருப்பீர்கள். எங்கள் கரையில் இருப்பவர்களும் ஒருவேளை அந்தக் கரையில் இருப்பவர்களும் இருப்பீர்கள். அந்த அக்காவின் இடத்தில் நீங்கள் இருந்தால், இதை முன்கூட்டியே போனில் கேட்க விரும்புவீர்களா, அல்லது அந்தோணியார் கோயில் வாசலில் முகம் பார்த்துக் கேட்க விரும்புவீர்களா? என் கணவர் என்னோடு வர வேண்டுமா, படகிலேயே இருக்க வேண்டுமா? அந்தச் சின்னப் பெண்ணைக் காட்டிக்கொடுக்காமல் எந்தச் சொல்லில் தொடங்குவது? தயவுசெய்து எழுதுங்கள். திருவிழாவுக்கு முன்பே எழுதினால் உதவியாக இருக்கும்.